சிம் உள்ள காரா, சிம் இல்லாத காரா?

கார் மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தபோது எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எப்போதும் இணையத்தோடு இணைந்திருக்க உள்ளேயே சிம் வைத்து, பெரிய தொடுதிரையும் செயலியுமாக வரும் புதிய கார். மற்றொன்று, இதெல்லாம் வருவதற்கு முந்தைய, ஒழுங்காகப் பராமரித்த பழைய கார். நான் வாங்கியது பழையதை. அதனால் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

வசதியில் புதியதுதான் மேல், அதில் பேச ஒன்றுமில்லை. பாதுகாப்பிலும் அப்படியே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஏப்ரல் முதல் புதிய மாடல் கார்கள், பெரிய விபத்து நடந்தால் தாமாகவே அவசர உதவி எண் 112-ஐ அழைத்தாக வேண்டும். உயிர் காக்கும் இந்த வசதி என் காரில் கிடையாது.

அப்புறம் தனியுரிமை. ஃபயர்பாக்ஸ் உலாவிக்குப் பின்னால் இருக்கும் மொசில்லா அறக்கட்டளை 2023-ல் 25 கார் பிராண்டுகளை ஆராய்ந்தபோது ஒன்றுகூடத் தேறவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் சேகரித்த வேகம், பிரேக் விவரங்கள் தரவு வியாபாரிகள் வழியாகக் காப்பீட்டு நிறுவனங்கள் வரை போனது 2024-ல் அம்பலமானது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் எதற்கு என்பார்கள். ஆனால் குறுக்கே நாய் ஓடிவந்ததால்தான் பிரேக்கை ஓங்கி மிதித்தோம் என்பது அந்தக் கணக்கில் ஏறாதே! இருந்தாலும், சட்டைப்பையில் போன் இருக்கும்வரை தனியுரிமையை மட்டும் காட்டிப் பழைய காருக்கு வாதாட முடியாது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: பத்து வருடம் கழித்து இந்தக் கார் யார் பேச்சைக் கேட்கும்?

அமெரிக்காவில் 2022-ல் 3ஜி சேவையை நிறுத்தினார்கள். அதை நம்பியிருந்த பல கார்களில் அவசர அழைப்பும் செயலி வசதிகளும் அடங்கிப்போயின. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, காரின் ஒரு பகுதி மட்டும் செத்துவிட்டது. 2024 ஜூனில் ஃபிஸ்கர் நிறுவனம் திவால் மனு கொடுத்தபோது, அதன் மின்சாரக் கார்களை வாங்கியவர்களுக்கு உதிரிபாகக் கவலையோடு, இனி மென்பொருளை யார் பார்ப்பது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. பிஎம்டபிள்யூ சில நாடுகளில் இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா கேட்டதும் இதே ரகம்தான். சாதனம் காரிலேயே இருக்கிறது, பூட்டு மட்டும் கம்பெனி கையில். எதிர்ப்புக்குப் பிறகு 2023-ல் அதைக் கைவிட்டார்கள். சொந்த வீட்டில் ஒரு அறைக்கு மட்டும் வாடகை கொடுப்பதுபோல இருந்திருக்கும்.

பழைய கார் செலவு வைக்காது என்று சொல்லவில்லை. ரப்பர் புஷ் தேயும், ஹோஸ் வெடிக்கும், ரேடியேட்டர் ஒழுகும். ஆனால் இவற்றைத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் சரிசெய்துவிடுவார். கோளாறு பார்ப்பதற்கென்றே காரில் இருக்கும் ஓபிடி போர்ட்டில் ஒரு சாதாரண ஸ்கேனரைச் செருகினால் எஞ்சின் கோளாறுக்கான குறியீடு வந்துவிடும். கம்பெனி சர்வரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சுதந்திரம் என்று நான் நினைப்பது இவ்வளவுதான்.

மின்சாரக் காரை நான் ஓட்டிப் பார்த்திருக்கிறேனே தவிர வைத்துப் பராமரித்ததில்லை. அங்கே கணக்கு வேறு மாதிரி இருக்கலாம். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கார் மாற்றுகிறவர் என்றால் சரி, தயங்காமல் புதியதையே வாங்கலாம், மேலே சொன்ன தலைவலி பெரும்பாலும் அடுத்தவருக்குத்தான் போகும். வாங்கிய அன்றே காரின் செட்டிங்ஸில் தரவுப் பகிர்வை நிறுத்திவிடுங்கள். விற்கும்போது உங்கள் கணக்கையும் போனிலிருந்து ஏறிய எண்களையும் காரிலிருந்து அழித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.