முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: ஒரு பயனாளியின் மதிப்பீடு

தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் இப்பெயரில் இயங்கும் இச்சேவையை என் தந்தையின் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, வீட்டு நகைகள் அடகுக்கடைக்குப் போகாமல் காத்தது. ஆயினும், சிகிச்சைக்குக் காப்பீட்டுத் தரப்பு தரவேண்டிய முன் அனுமதிக்காகக் காத்திருந்த நாட்களும், தொகுப்புக் கட்டணத்தில் (ஒரு சிகிச்சை முழுமைக்கும் அரசு நிர்ணயித்த மொத்தத் தொகை) அடங்காது என்று கூறி ஒரு தனியார் மருத்துவமனை பரிசோதனைகளுக்குத் தனியே வாங்கிய பணமும் (ரசீது கேட்டும் தரவில்லை) இன்றளவும் உறுத்துகின்றன. அரசு நிர்ணயித்த தொகை கட்டுப்படியாகவில்லை என்பது தனியார் தரப்பின் வாதம். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. அதே தொகையை அரசு மருத்துவமனை பெறும்போது, அது அங்கேயே கருவிகளுக்கும் பராமரிப்புக்கும் பயன்படுகிறது என்பதால், வசதி சற்றுக் குறைந்தாலும் முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகுமாறே பரிந்துரைப்பேன்.