இமாடினிப் 400 மி.கி.: தினமும் விழுங்குபவள் எழுதும் விமர்சனம்

நாள்பட்ட மைலாய்ட் லுக்கீமியா (சிஎம்எல்) என்ற ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் சாப்பிடுகிறேன். இந்த மாத்திரையை இப்போதுதான் தொடங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்த நோயில் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் பிசிஆர்-ஏபிஎல் என்ற இணைந்த மரபணு உருவாகிறது. அதிலிருந்து வரும் புரதம் ஓயாமல் வெள்ளணுக்களைப் பெருக்கச் சொல்கிறது. அந்தப் புரதத்துக்கு எரிசக்தி தரும் மூலக்கூறு வந்து உட்காரும் இடத்தை இமாடினிப் பிடித்துக்கொள்கிறது, புரதம் முடங்கிவிடுகிறது. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. இதைக் கொண்டு சிகிச்சை தொடங்கியவர்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், 10 ஆண்டு முடிவில் சுமார் 83% பேர் உயிருடன் இருந்தார்கள். பயந்து போயிருந்த எனக்கு மருத்துவர் முதலில் சொன்னது அந்த எண்ணைத்தான்.

சரி, தொந்தரவுகள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்துப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. காலையில் இமைகள் வீங்கியிருக்கும். எனக்குத் தாங்க முடியாதது தசைப்பிடிப்புதான். தையல்தான் என் தொழில். மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போதே கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், எழுந்து நின்று நீவிவிட வேண்டும். இதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வலிக்குப் பயந்து நீங்களாக மாத்திரையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. விடுபடும் மாத்திரைகள் கூடினால் பலன் குறைகிறது. கிரேப்ஃப்ரூட் பழம் வேண்டாம். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

மாத்திரை அளவுக்கே முக்கியம், பிசிஆர்-ஏபிஎல் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. தொடக்கத்தில் 3 மாதத்துக்கு ஒருமுறை எடுப்பார்கள். 3-ஆம் மாதம் 10 சதவீதத்துக்குள், ஓராண்டில் 0.1 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்பது இலக்கு. என் அளவு மெதுவாகத்தான் இறங்கியது, ஆனால் இறங்கியது. சிலருக்கு டி315ஐ என்ற மரபணு மாற்றம் வந்து இமாடினிப் வேலை செய்யாமல் போகும். அப்போதும் வழி இருக்கிறது: பொனாடினிப், அசிமினிப் என்ற வேறு மருந்துகள்.

இன்னொன்று. ஈயோசினோபில் என்ற வகை வெள்ளணுக்கள் பெருகும் ஒரு நோயில் சிலருக்கு ஃபிப்1எல்1-பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற வேறொரு மரபணு இணைவு இருக்கும். அவர்களுக்கு இதே மருந்து பெரும்பாலும் 100 மி.கி.யிலேயே அருமையாகக் கேட்கிறது. அதனால் எந்த இணைவு என்று தெளிவாகக் கண்டுபிடித்துச் சொல்லும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

சிஎம்எல்லில் பல ஆண்டுகள் பிசிஆர்-ஏபிஎல் அளவு மிகக் குறைவாகவே நீடித்தால், மருத்துவர் கண்காணிப்பில் மருந்தை நிறுத்திப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடுகிறது. என் அளவு இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. அதுவரை கால் வலியோடு இதையே தொடர்கிறேன்.