பழைய ஸ்பிலிட் ஏசி வெயில் காலத்தில் மட்டும் இரைவது ஏன்?

நாலைந்து கோடை ஓடிய ஸ்பிலிட் ஏசி சத்தம் போட ஆரம்பித்தால் "கம்ப்ரசர் போச்சு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது போயிருக்காது. சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். மெக்கானிக் வருவதற்குள் பழுது எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

முதலில் ரிமோட்டில் ஃபேன் மோடு போடுங்கள். உள்ளே இருக்கும் ப்ளோயர் மட்டும் சுற்றும், கம்ப்ரசர் ஓடாது. அப்போதும் சத்தம் வந்தால் கோளாறு இன்டோர் யூனிட்டில். ஸ்பீடைக் கூட்டிக் குறைக்கும்போது சத்தமும் ஏறி இறங்கினால் ப்ளோயரைத்தான் பார்க்க வேண்டும். ஃபேன் மோடில் அமைதியாக இருந்தால் கூல் மோடுக்கு மாற்றிக் காத்திருங்கள். நிறுத்திப் போட்ட ஏசியில் கம்ப்ரசர் கிளம்ப சுமார் 3 நிமிடம் ஆகும். அது கிளம்பும்போது சத்தமும் தொடங்கினால் அவுட்டோர் பக்கம் போங்கள்.

ப்ளோயர் உருளையின் இறகுகளில் அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் படியாது. ஒரு பக்கம் கனம் கூடியதும் தடதடவென்று யூனிட்டே அதிரும். ஃபில்டரைக் கழுவி மாட்டினால் இது போகாது. ஏசிக்குப் போகும் கரண்டை நிறுத்தும் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, காற்று வரும் வாய் வழியாக டார்ச் அடித்தால் இறகுகளுக்கு நடுவே கறுப்பாக அப்பியிருப்பது தெரியும். கழற்றிக் கழுவினால்தான் தீரும். 'கீச் கீச்' என்று வந்தால் மோட்டாருக்கு எதிர் முனையில் உருளையைத் தாங்கும் புஷ் காய்ந்திருக்கலாம். எண்ணெய் விட்டால் சில நாள் அடங்கும், மாற்றுவதே நல்லது.

கரகரவென்று உரசும் சத்தத்தோடு காற்றும் குறைந்திருந்தால், காற்றைக் குளிர்விக்கும் காயிலில் ஐஸ் கட்டி ப்ளோயரைத் தொடுகிறது என்று சந்தேகிக்கலாம். கூலிங்கை நிறுத்தி, ஐஸ் முழுக்க உருகும்வரை ஃபேன் மோடில் ஓட விடுங்கள். ஃபில்டரும் காயிலும் சுத்தமாக இருந்தும் மறுபடி ஐஸ் கட்டினால்தான் கேஸ் குறைவு பற்றிப் பேச வேண்டும். அதுவும் லீக் எங்கே என்று பார்க்காமல் கேஸ் அடிப்பது வீண் செலவு.

பிளாஸ்டிக் உறை சுருங்கி விரியும் 'டிக்' சத்தம், நிறுத்திய பிறகு கேட்கும் சலசலப்பு, இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். 'களக் களக்' என்று வந்தால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். நின்றுவிட்டால், எக்ஸாஸ்ட் ஃபேன் இழுப்பதால் ட்ரெயின் பைப் வழியாகக் காற்று ஏறுகிறது, அவ்வளவுதான்.

வெளியே 40 டிகிரி கொளுத்தும்போது அவுட்டோர் யூனிட்டில் உள்ள கண்டென்சர் வெப்பத்தை வெளியேற்றத் திணறும். உள்ளே அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் கூடுதல் கரண்ட் இழுக்கும், இரைச்சலும் கூடும். இதில் ஓரளவு இயல்பு. இன்வெர்ட்டர் ஏசியும் அந்நேரத்தில் முழு வேகத்தில் ஓடும். ஆனால் கண்டென்சரில் தூசி அடைத்திருந்தாலோ, வெளிவந்த சூடான காற்று சுவரில் மோதித் திரும்பினாலோ நிலைமை மோசமாகும். எம்சிபியை அணைத்து, சாதாரண குழாய்த் தண்ணீரால் கழுவினால் போதும். பிரஷர் வாஷர் அடித்தால் அதன் மெல்லிய தகடுகளான ஃபின்கள் மடங்கும்.

கம்ப்ரசர் சில நொடி 'ம்ம்ம்' என்று முனகி, 'டக்' என்று கட்டாகி, சில நிமிடம் கழித்து மறுபடி அதையே செய்தால், அது இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண ஏசியாக இருந்தால், முதலில் கம்ப்ரசர் கிளம்ப உதவும் கெப்பாசிட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். 1.5 டன்னுக்குப் பொதுவாக 35 முதல் 50 மைக்ரோஃபாரட் வரை இருக்கும். சரியான அளவு லேபிளிலேயே உண்டு. ±5% என்று அச்சிட்ட 50 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மீட்டரில் 42 காட்டினால் மாற்ற வேண்டியதுதான். புதியது அதே மைக்ரோஃபாரட்டில், வோல்ட் அளவு குறையாமல் இருக்கட்டும். கரண்டை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், நீங்களே கை வைக்காதீர்கள். லோ வோல்டேஜிலும் இதே முனகல் வரும் என்பதால் கிளம்பும் நேரத்து வோல்டேஜையும் அளக்கச் சொல்லுங்கள்.

அவுட்டோர் உறையின் மேல் உள்ளங்கையை அழுத்தும்போது சத்தம் நின்றால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. நிற்காவிட்டால் ஸ்டாண்ட் போல்ட்டும், கம்ப்ரசருக்கு அடியில் கல்லாகிப்போன ரப்பர் புஷ்ஷும் அடுத்த சந்தேகம். செம்புக் குழாய்கள் ஒன்றோடொன்று உரசுவதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. விட்டுவிட்டால் தேய்ந்து ஓட்டை விழும். ஏசி ஆறிய பிறகு நடுவில் ஃபோம் சுற்றிக் கட்டினால் போதும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கம்ப்ரசருக்குள்ளேயே இரும்பு இடிப்பது போலக் கேட்டால், அப்போதுதான் அது கம்ப்ரசர் கோளாறு. வாரண்டி முடிந்த ஏசி என்றால் கம்ப்ரசர் மாற்றும் செலவைப் புது ஏசி விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியைத் தாண்டினால் நான் மாற்றச் சொல்ல மாட்டேன்.