ஷவர் சுவருக்குச் சாந்தா, டைல் பசையா, எபாக்சியா?

ஷவர் சுவருக்கு எந்தப் பசை என்று கடையில் கேட்பதற்கு முன், வாங்கிய டைலின் பின்புறத்தில் சில சொட்டுத் தண்ணீரை விட்டுப் பார்ப்பது நல்லது. செராமிக் சுவர் டைல் அதைச் சற்று நேரத்தில் உறிஞ்சிவிடும். விட்ரிஃபைடு டைலில் அது துளியாகவே நிற்கும். முன்னதன் நீருறிஞ்சும் அளவு பொதுவாக 10 விழுக்காட்டுக்கு மேல், பின்னதற்கு 0.5 விழுக்காடோ அதற்கும் குறைவோதான்.

நம் கொத்தனார்கள் நெடுங்காலமாகக் கையாளும் சிமென்ட் சாந்து, டைலின் நுண்துளைகளுக்குள் சிமென்ட் பால் புகுந்து இறுகுவதால் பிடிக்கிறது. செராமிக் டைலை முன்கூட்டியே ஊறவைப்பதும், அது சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடாமல் இருக்கவே. துளைகள் அநேகமாக இல்லாத விட்ரிஃபைடு டைலை எவ்வளவு ஊறவைத்தாலும் பயனில்லை. நாளடைவில் அது சாந்தை விட்டு விலகி, தட்டினால் உள்ளே வெற்றிடமாக ஒலிக்கும். ஆயினும் தூக்குக்குண்டுக்குச் சரியாக நிற்காத பழைய சுவரைச் சாந்தின் கனத்திலேயே நேராக்கிவிடலாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாலிமர் கலந்த சிமென்ட் பசைக்கு அந்த வசதி இல்லை. சில மில்லிமீட்டர் கனத்தில்தான் அதைப் பூச வேண்டும் என்பதால், சுவர் முன்பே சமமாகப் பூசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அதிலுள்ள பாலிமர், வழவழப்பான விட்ரிஃபைடு பரப்பையும் பற்றிக்கொள்கிறது. மூட்டையில் சி1 என்றிருந்தால் ஒட்டுவலிமை சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 0.5 நியூட்டன், சி2 என்றால் 1 நியூட்டன், அதுவும் நீரில் மூழ்கவைத்துச் சோதித்த பிறகும். உடன் வரும் டி என்ற எழுத்து, செங்குத்துச் சுவரில் டைல் சரியாது என்பதைக் குறிக்கும். ஷவரில் விட்ரிஃபைடு டைல் பதிப்போர் சி2டி வகைக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

வாளியில் ஆயத்தமாக வரும் பசைக்களிம்பு வேலைக்குச் சுலபமானது. எனினும் அது நீர் ஆவியாவதால்தான் இறுகும். நீர்க்காப்புப் பூச்சுக்கும் விட்ரிஃபைடு டைலுக்கும் நடுவே சிக்கினால் ஈரம் வெளியேற வழியிருக்காது. ஷவருக்கு அதை ஒதுக்கிவிடலாம்.

இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்சி பசை, வேதிவினையால் இறுகுவதால் தண்ணீருக்கு அஞ்சாது; ஆனால் விலை அதிகம், கலந்ததும் விரைந்து பூச வேண்டும். ஈரம் பட்டால் வளையக்கூடிய பச்சை மார்பிள் போன்ற கற்களுக்கே அந்தச் செலவு நியாயம். இதை இணைப்பு இடுக்குகளில் நிரப்பும் எபாக்சி கிரவுட்டுடன் குழப்பிக்கொள்வோர் பலர்.

எந்தப் பசையும் நீர்க்காப்புப் பூச்சுக்கு மாற்றாகாது. அதைச் சுவரில் முதலிலேயே பூசியாக வேண்டும். பசையை மூலைக்கொரு உருண்டையாக வைத்து ஒட்டினால் இடைவெளிகளில் தண்ணீர் தேங்கும். பல்வெட்டுக் கரணையால் பரப்பி, முதலில் ஒட்டிய டைல் ஒன்றை உடனே பெயர்த்துப் பார்க்க வேண்டும். அதன் பின்புறத்தில் 95 விழுக்காடாவது பசை படிந்திருந்தால் வேலையைத் தொடரலாம்.