ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின்: வீட்டில் ஒலிப்பதிவு செய்பவள் பார்வையில்

கறை போகிறதா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகிறது. காலர் அழுக்கு இன்றைக்குச் சுமாரான எந்த மெஷினிலும் போய்விடும். என் வீட்டில் இருப்பது 8 கிலோ கொள்ளளவு, துணியைப் பிழிய நிமிடத்துக்கு 1400 சுற்று ஸ்பின், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் மோட்டார் உள்ள, முன்பக்கம் கதவு வைத்த ஃப்ரண்ட் லோடு. அது மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொல்லும் நேரம் நிஜமாகவே என் கைக்கு வந்து சேர்கிறதா என்பதில்தான் எனக்கு அக்கறை. இந்த ரக மெஷின்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடுபவை என்பதால் கம்பெனி பெயரைச் சொல்லவில்லை.

முன்பு இருந்தது செமி ஆட்டோமேட்டிக். அதிலும் துவைப்பது மெஷின்தான். ஆனால் குழாயைத் திறக்க ஒரு நடை, மூட ஒரு நடை, அழுக்குத் தண்ணீரை வடிக்க ஒரு நடை, சொட்டச் சொட்டத் துணியை அள்ளிப் பக்கத்துத் தொட்டியில் போட இன்னொரு நடை. கூட்டிப் பார்த்தால் அரைமணி நேர வேலைகூட இராது. அந்த அரைமணி காலைப்பொழுது முழுக்கச் சிதறிக் கிடக்கும், அதுதான் தொல்லை. இரண்டு நடைக்கு இடையில் கிடைக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஃபோனை நோண்டலாம். உருப்படியாக எதையும் தொடங்க முடியாது. ஃப்ரண்ட் லோடில் துணியைப் போட்டு, லிக்விடை ஊற்றி, கதவைச் சாத்தினால் முடிந்தது. அது கூப்பிடும்வரை அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. மிச்சமாவது சில நிமிடங்கள்தான். ஆனால் அவை ஒரே துண்டாகக் கிடைக்கின்றன.

அந்தத் துண்டில் நான் செய்வது, பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்வது. வெறும் எழுத்தை, திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடரே வாசித்துவிடும், அதற்கு நான் வேண்டாம். சிக்கல் படங்களில்தான். இயற்பியல் புத்தகத்தில் திசைவேக-கால வரைபடம் ஒன்று வருகிறது. மென்பொருளுக்கு அது வெறும் ‘படம்’. நான் சொல்ல வேண்டியது இப்படி: “மொத்தம் மூன்று கோட்டுத் துண்டுகள், சேர்த்துப் பார்த்தால் சரிவகம். கிடையச்சு காலம், நொடியில். நிலையச்சு திசைவேகம். கோடு சுழியத்தில் தொடங்கி, 4ஆவது நொடியில் 8ஐத் தொடும்வரை நேராக ஏறுகிறது. அங்கிருந்து 10ஆவது நொடிவரை மட்டமாகப் போகிறது. பிறகு சரிந்து, 12ஆவது நொடியில் மறுபடி சுழியம்.” முதலில் மொத்த வடிவம், பிறகு அச்சுகள், அதன்பிறகுதான் எண்கள். இந்த வரிசையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கேட்கும் மாணவி ஒருத்தி. “எண்ணை முதலில் சொன்னா அதை எங்க வைக்கிறதுன்னு தெரியலை அக்கா” என்றாள். இதயத்தின் குறுக்குவெட்டுப் படம் இன்னும் கஷ்டம்: அந்த உடல் நம்மைப் பார்த்து நிற்பதுபோல வரையப்படுவதால், இடது வென்ட்ரிக்கிள் (கீழறை) நமக்கு வலக்கைப் பக்கம் இருக்கும். அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லாவிட்டால் மீதி எல்லாம் தலைகீழ். இப்படி ஒரு படத்துக்குச் சொற்களைக் கோக்க நடுவில் எழுந்து போகாத நேரம் வேண்டும்.

அமைதியும் வேண்டும். அதனால் சத்தம்தான் எனக்கு முதல் அளவுகோல். துவைக்கும்போது இந்த ரக மெஷின்கள் 50 டெசிபலை ஒட்டி ஓடும். பிழியும்போது 70ஐத் தாண்டும். இருபதுதானே வித்தியாசம் என்று விட முடியாது: டெசிபல் கணக்கில் 10 ஏறினால் ஒலியின் திறன் 10 மடங்கு, 20 ஏறினால் 100 மடங்கு. ஐரோப்பாவில் 2021 மார்ச் முதல் ஒட்டப்படும் லேபிளில் இந்த ஸ்பின் சத்தத்தை டெசிபலிலும், ஏ முதல் டி வரை தரம் பிரித்தும் போடுகிறார்கள். லேபிள் இல்லாத இடத்தில் விவரக்குறிப்பில் தேடுங்கள், எங்காவது பொடி எழுத்தில் இருக்கும். கடைக்காரர் காட்டும் எண் துவைக்கும் சத்தமா பிழியும் சத்தமா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. சின்ன எண்ணைத்தான் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறார்கள்.

எல்லோரும் திட்டும் ‘ஈகோ’ புரோகிராம் எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். “சட்டை துவைக்க மூணு மணி நேரமா?” என்று வீட்டில் கேலி. ஆனால் அதில் பெரும்பகுதி, டிரம் மெல்லப் புரண்டுகொண்டே இருக்கும் நேரம். மைக்கில் எதுவும் விழாது. அலசலுக்கு இடையில் வரும் குட்டி ஸ்பின்களும் கடைசிப் பெரிய ஸ்பின்னும் தொடங்குவதற்குள் ஒரு பாடத்தை முடித்துவிடலாம்.

அது ஏன் அவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதற்கும் நியாயம் உண்டு. ஜெர்மனிக்காரரான ஹெர்பர்ட் சின்னர் 1959இல் சொன்ன கணக்கு: துணி வெளுக்க நேரம், வெப்பம், சோப்பு, இயக்கம் என்ற நான்கும் வேண்டும், ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டியாக வேண்டும். சூடாகத் துவைத்தால் மெஷின் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைச் சுட வைக்கத்தான் போகிறது. ஈகோ அந்தச் சூட்டைக் குறைத்து, ஈடாக நேரத்தை நீட்டுகிறது. அது மெஷினின் நேரம், எனக்கென்ன வந்தது? நேர்மாறானது 15 நிமிட ‘குவிக்’. லேசாக வியர்த்த இரண்டு சட்டைக்கு அது போதும். அவசரம் என்று டிரம்மை நிறைத்து அதில் போட்டால் துணியும் சரியாக வெளுக்காது, கால் மணி நேரத்தில் நம்மையும் எழுப்பிவிடும். விளம்பரத்தில் நேரம் மிச்சம் என்று காட்டுவது என்னவோ இதைத்தான்!

நேரம் மிச்சமாகிறது என்ற பேச்சையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லும் ஓர் ஆய்வு இருக்கிறது. சமூகவியலாளர் ஜோஆன் வானெக் 1974இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதியது. வெளிவேலைக்குப் போகாத அமெரிக்கப் பெண்கள் 1920களில் வீட்டுவேலைக்கு வாரம் சுமார் 52 மணி நேரம் செலவிட்டார்கள். மெஷின்கள் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட 1960களில் அது 55. குறிப்பாகத் துணி துவைக்கும் நேரம் குறையாமல் கூடியிருந்தது. காரணம் எந்த வீட்டிலும் தெரிவதுதான்: துணிமணி பெருகியது, அடிக்கடி துவைக்கவும் தொடங்கினார்கள். என் வீட்டிலும் மெஷின் வந்ததும் அழுக்குக்கூடை அளவில்லாமல் நிரம்பத் தொடங்கியது. மகள் ஒரு மணி நேரம் போட்ட டிஷர்ட், இவர் ஒரே தடவை துடைத்த துண்டு எல்லாம் அதில். இப்போது டிரம் முக்கால்வாசி நிறைந்தால்தான் ஓடும் என்று வைத்திருக்கிறேன். நேரத்தைத் தந்ததில் மெஷினுக்குப் பாதிப் பங்கு என்றால் மீதிப் பாதி இந்தக் கண்டிப்புக்கு.

வானெக்குக்கு எதிர்ப்பக்கம் ஹான்ஸ் ரோஸ்லிங். 2010இல் பேசிய மேடைப்பேச்சில், தன் தாய் மெஷினில் துணியைப் போட்டுவிட்டுத் தன்னை நூலகத்துக்கு அழைத்துப் போனதைச் சொல்லியிருப்பார் அந்த ஸ்வீடன் மருத்துவர். இருவர் சொல்வதும் சரிதான். அந்த அம்மா மிச்சமான நேரத்தில் இன்னொரு கூடைத் துணியை எடுக்காமல் கிளம்பிப் போனார், அதுதான் விஷயம்.

இனி குறைகள். முதல் குறை அந்த ‘1 நிமிடம்’. திரையில் மீதி நேரம் 1 என்று காட்டிக்கொண்டே நிற்கும். பத்து நிமிடம் ஆனாலும் 1தான். உள்ளே துணி ஒரு பக்கமாகச் சுருண்டிருக்கும், அதைப் பிரித்துப் போட டிரம் இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்க்கும், முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. கனத்த போர்வை ஒன்றை மட்டும் தனியாகப் போட்டால் இது கட்டாயம் நடக்கும். கூட நாலைந்து சின்னத் துணி சேர்த்தால் சமன்படும். சோப்பு அதிகமானாலும் இதே கதை: நுரை பொங்கினால் மெஷின் தானாகவே கூடுதலாக அலசும், சொன்ன நேரத்துக்கு முடியாது. ‘முடியும் நேரம்’ வசதியை நம்பி ஸ்பின் வரும் நேரத்தைக் கணித்துப் பதிவு செய்கிற எனக்கு இது எரிச்சல்.

இரண்டாவது, ஃபோன் செயலி. துவைத்து முடிந்தது, டிரம்மைச் சுத்தம் செய்யுங்கள், புதிய புரோகிராமைப் பாருங்கள் என்று எதற்கெடுத்தாலும் டிங். வேலையைக் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, கவனத்தை வேறு வழியாகத் திரும்பக் கேட்கும் கருவி எதற்கு? நீக்கிவிட்டேன், மெஷினுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஏஐ வாஷ் என்ற பொத்தானும் இருக்கிறது. எடையைப் பார்த்துத் தண்ணீரையும் நேரத்தையும் மாற்றுவதற்கு மேல் அது என்ன செய்கிறது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, கதவைச் சுற்றியுள்ள ரப்பர். மடிப்பில் தண்ணீர் தேங்கிக் கருப்புப் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும். உலர்த்துவது, மடிப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் பழையபடி நம் தலையில்தான். 1400 சுற்றில் பிழிந்த பிறகும் துணியின் காய்ந்த எடையில் ஏறக்குறைய பாதி அளவுக்கு ஈரம் மிச்சமிருக்கும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்று குறைந்தது செயலிக்காக. செமி ஆட்டோமேட்டிக்கில் திருப்தியாக இருப்பவர்கள் மாற்ற வேண்டியதில்லை. வீட்டில் உட்கார்ந்து எழுத, வாசிக்க, பாட, பதிவு செய்ய ஏதாவது வைத்திருப்பவர்கள் ஸ்பின் டெசிபலைப் பார்த்து வாங்குங்கள். வந்ததும், வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் பிடித்திருக்கப் பின்பக்கம் மாட்டியிருக்கும் டிரான்சிட் போல்ட்களைக் கழற்றினார்களா என்று பாருங்கள். கழற்றாமல் ஓட்டினால் முதல் ஸ்பின்னிலேயே மெஷின் இடத்தைவிட்டு நகரும். கழற்றியதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வீடு மாறும்போது திரும்ப மாட்ட வேண்டியிருக்கும்.