ஆப்பிள் ஷேரை யார் பேரில் வாங்குவது: கம்பெனி பேரிலா, சொந்தப் பேரிலா?

ராணிப்பேட்டை சிப்காட் தொடங்கி ஆம்பூர் வரை, தோலும் ஷூவும் ஏற்றுமதி செய்பவர்கள் ஆடிட்டரிடம் அடிக்கடி கேட்பது இது: "சார், நமக்கு டாலர்லதான் பணம் வருது. கம்பெனி பேர்லயே ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் வாங்கிப் போட்டா செலவு மிச்சம்தானே?"

மிச்சம் இல்லை. அதைவிட முக்கியம், பெரும்பாலும் அனுமதியே இல்லை. 2022 ஆகஸ்ட் 22 முதல் நடப்பில் உள்ள வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, பங்குச் சந்தையில் பட்டியலாகாத பிரைவேட் லிமிடெட்டோ பார்ட்னர்ஷிப்போ நியூயார்க் சந்தையில் நாலு ஷேர், பத்து ஷேர் என்று வாங்க முடியாது. ரைட்ஸ், போனஸ் போன்ற சில வழிகளில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். கிஃப்ட் சிட்டியில் (குஜராத்தில் உள்ள சர்வதேச நிதி மையம்) இயங்கும் ஃபண்டுகளின் யூனிட்டுக்கும் இடமுண்டு. பட்டியலான கம்பெனி என்றால் நெட்வொர்த்தில் (கடன் போக மிஞ்சும் சொந்த மதிப்பு) 50% வரை வாங்கலாம். இந்தப் பக்கத்துக் குடும்பக் கம்பெனிகளுக்கு அதனால் என்ன பயன்?

சரி, விதி இடம் கொடுத்தது என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றதில் லாபம் 10 லட்சம். சொந்தப் பேரில் என்றால் வரி 12.5%, செஸ் சேர்த்து 1.30 லட்சம், கையில் 8.70 லட்சம். 22% வரித் திட்டத்தில் உள்ள கம்பெனிக்கு அதே 12.5%தான், ஆனால் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 1.43 லட்சம் ஆகும். மீதி 8.57 லட்சத்தை டிவிடெண்டாக வீட்டுக்கு எடுத்தால், 30% ஸ்லாபில் இருப்பவருக்கு இன்னும் சுமார் 2.67 லட்சம் போகும். கடைசியில் மிஞ்சுவது 5.90 லட்சம். ஆடிட் ஃபீஸ், கம்பெனிப் பதிவாளரிடம் (ஆர்.ஓ.சி.) செய்யும் ஃபைலிங் எல்லாம் தனி. சொத்திலும் வருமானத்திலும் பாதிக்கு மேல் ஷேராகவே இருந்தால், ரிசர்வ் வங்கியில் என்.பி.எஃப்.சி.யாக (வங்கியல்லாத நிதி நிறுவனம்) பதிவு செய்ய வேண்டுமா என்று பார்க்கும் தொல்லை வேறு.

சொந்தப் பேரில் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு வங்கி 20% டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிக்கும்: 15 லட்சம் அனுப்பினால் 1 லட்சம். அது செலவல்ல, ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். பணம் சில மாதம் முடங்கும், அவ்வளவுதான். கணவன், மனைவி தனித்தனியே அனுப்பினால் வரம்பும் தனித்தனி. ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை மட்டும் விடக்கூடாது. அபராதம் 10 லட்சம் வரை போகும்.

உண்மையான பயம் அமெரிக்க எஸ்டேட் வரிதான். அந்நாட்டவர் அல்லாதவர் இறந்தால், அங்குள்ள சொத்தில் 60,000 டாலருக்கு மேற்பட்டதற்கு 40% வரை வரி. இதற்காகவே "துபாயில் ஒரு கம்பெனி போட்டு அதன் பேரில் வாங்கலாம்" என்று யோசனை சொல்கிறார்கள். நிதிச் சேவை செய்யும் வெளிநாட்டு நிறுவனத்தில் (ஷேர் வாங்கி வைப்பதே வேலையான கம்பெனியும் இதில் அடங்கலாம்) இந்தியாவில் வசிக்கும் தனிநபர் நேரடி முதலீடு செய்ய பொதுவாக அனுமதியில்லை, ஆகவே அந்த வழியும் பெரும்பாலும் அடைபட்டதுதான். அமெரிக்க ஷேர்களை வாங்கி வைத்திருக்கும், அயர்லாந்தில் பதிவான ஈ.டி.எஃப்.களுக்கு (சந்தையில் ஷேர் போல விற்கும் ஃபண்டுகள்) அந்த எஸ்டேட் வரி கிடையாது. டிவிடெண்டிலும் அமெரிக்கா பிடிப்பது, நேரடியாக ஷேர் வைத்திருந்தால் பிடிக்கும் 25% அல்ல, 15%. என் ஓட்டு இதற்குத்தான்.

இங்குள்ள மியூச்சுவல் ஃபண்டு வழியாகவும் போகலாம். டி.சி.எஸ். இல்லை, அட்டவணை இல்லை. ஆனால் மொத்தத் துறைக்கும் 700 கோடி டாலர் உச்சவரம்பு இருப்பதால் புதுப் பணம் வாங்குவதை அவ்வப்போது நிறுத்திவிடுவார்கள்.

கம்பெனி ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. வாணியம்பாடிக்காரர் ஒருவர் தன்னிடம் ஷூ அப்பர் வாங்கும் இத்தாலிய நிறுவனத்தில் 20% பங்கு எடுக்க நினைத்தால், அது நேரடி முதலீடு. நெட்வொர்த்தைப் போல நான்கு மடங்கு வரை போகலாம், பதிவான பார்ட்னர்ஷிப்புக்கும் இது பொருந்தும். டி.சி.எஸ். கிடையாது. ஒரே வங்கி வழியாக ஃபாரம் எஃப்.சி. என்ற படிவத்தைக் கொடுத்து, அந்த முதலீட்டுக்கான அடையாள எண் வாங்க வேண்டும். ஆண்டுதோறும் ஜூலை 15-க்குள் எஃப்.எல்.ஏ. ரிட்டர்ன் (வெளிநாட்டுக் கடன், சொத்து விவரம்), டிசம்பர் 31-க்குள் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கை. இந்த அறிக்கை பாக்கியிருந்தால் அடுத்த தவணைப் பணத்தை வங்கி அனுப்பாது.