புதுக்கோட்டையில் தொடங்குங்கள்: சித்தன்னவாசல் முதல் ஆத்தங்குடி வரை

காரைக்குடியில் கார் பேசினால், காலையில் செட்டிநாட்டு வீடுகள், மதியத்துக்குமேல் சித்தன்னவாசல் என்றுதான் வழக்கமாகக் கூட்டிப்போவார்கள். அதைத் தலைகீழாக்கினால்தான் இந்த ஒருநாள் சுற்று தேறும். சித்தன்னவாசல் பாறையில் நிழல் கிடையாது. செட்டிநாட்டு வீட்டு வளவிலோ (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) உச்சிவெயிலிலும் குளுமை. அதனால் முதல்நாள் இரவே புதுக்கோட்டையில் தங்கிவிடுங்கள். கூட ஒரு நண்பராவது இருக்கட்டும். ஏன் என்பது கீழே.

சித்தன்னவாசலில், பாறையைக் குடைந்து ஓவியம் தீட்டிய சமணக் குடைவரையான அறிவர் கோயிலுக்கும், சமணத் துறவிகள் தங்கிய இயற்கைக் குகையான ஏழடிப்பட்டத்துக்கும் தனித்தனிச் சீட்டு. ஒன்றை வாங்கிக்கொண்டு மேலே ஏறியபின் மற்றதற்காகக் கீழே இறங்குகிறவர்கள் உண்டு. வெயில் ஏறுமுன் ஏழடிப்பட்டத்தை முடியுங்கள். மேற்கிலிருந்து ஏறி, மலைமுகட்டைத் தாண்டி, கிழக்குச் சரிவில் கம்பி வேலியைப் பிடித்தபடி போகவேண்டும். உள்ளே வழவழப்பாகச் செதுக்கிய 17 சமணப் படுக்கைகள், தலையணை மேட்டோடு. அங்கே கல்லில் வெட்டியுள்ள தமிழ் பிராமி (தமிழின் பழைய எழுத்துவடிவம்) நேரே பார்த்தால் தெரியாது. ஒருவர் டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் பிடித்தால், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும், மற்றவர் வாசிக்கலாம். தனியாளுக்கு இது கைவராது.

அறிவர் கோயிலில் ஓவியம் பெரும்பாலும் தலைக்குமேல்தான். உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லையே" என்று திரும்புவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது ஆகும். பிறகு தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் ஆட்கள் என ஒவ்வொன்றாகத் துலங்கும். தூண்களில் உள்ள ஆடல்மகளிர் மிகவும் மங்கிவிட்டார்கள். கருவறை ஒன்பதரை அடிச் சதுரம்தான். ஒருவர் உள்ளே நின்று மெல்ல முனக, மற்றவர் வெளியே நின்று கேட்கட்டும். அறை முழுக்க அதிரும். முன்னே நிற்கும் தூண்கள் குடுமியான்மலையிலிருந்து பிற்காலத்தில் கொண்டுவந்து நட்டவை; அவற்றை வைத்துக் கோயிலின் காலத்தைக் கணிக்காதீர்கள்.

திருமயத்துக்கு 11 மணிக்குள் வந்துவிட வேண்டும். 12 மணி வாக்கில் நடை சாத்திவிட்டால், சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலில் பள்ளிகொண்ட திருமெய்யரின் மாபெரும் கோலத்தைப் பார்க்க மாலைவரை காத்திருக்க வேண்டியதுதான். ஒரே பாறையில் பக்கத்திலேயே சத்தியகிரீசுவரர் என்னும் சிவன் குடைவரையும் உண்டு. 1687இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டைக்குள் பாதி உயரத்தில், இரும்பு ஏணி ஏறிப்போனால் ஒரு லிங்கக் குடைவரை. நேரம் இழுத்தால் உச்சிப் பீரங்கியை விட்டுவிடலாம், இதை விடாதீர்கள்.

இனி வீடுகள். கானாடுகாத்தான் அரண்மனைக்குள் விடுவார்கள் என்று நம்பிப் போகவேண்டாம். வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. பல வீடுகள் பூட்டியே கிடப்பதற்குக் காரணம், ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள் (குடும்பங்கள்) பங்காளிகள். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால்தான் கதவு திறக்கும். கட்டணம் கட்டி உள்ளே போக ஆத்தங்குடி பெரிய வீடு இருக்கிறது. முகப்பின் மரக்கூரை வேலைப்பாடு ஒன்றுக்கே கொடுத்த காசு தகும். சுவரைத் தடவிப் பாருங்கள்: சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் சேர்ந்த பூச்சு, கண்ணாடிபோல் வழுக்கும்.

அருகிலேயே தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் (டைல்ஸ்) செய்யும் பட்டறைகள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, வண்ண சிமெண்டுக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். சூளை கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. வாங்குவதென்றால் தேவைக்குமேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக, ஒரே தடவையில் வாங்குங்கள். கைவேலை என்பதால் அடுத்த முறை அதே சிவப்பு வராது. பதித்தபின் ஆசிட் ஊற்றிக் கழுவினால் மேல்பூச்சு போய்விடும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.